கத்திரி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் ஒரு கென்னல்

"வீட்டுக்குள்ள விட்டா காவல் போயிடும்" என்று ஒரு கட்சி. "வெளியில போட்டா பாவம்" என்று இன்னொரு கட்சி. இந்த வழக்கு தீராமலே நாய் மாடிப்படிக்கு அடியில் நாலடிச் சங்கிலியில் கிடக்கிறது. சென்னையில் உள்ளேயா வெளியேயா என்பது பாதிக் கேள்விதான். வெளியே என்றால் மேலே என்ன கூரை, தளம் எந்தப் பக்கம் வாட்டம் (சரிவு) என்று பார்க்க வேண்டும். உள்ளே என்றால் ஏசி எவ்வளவு நேரம் ஓடுகிறது, தரை வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். மீதிப் பாதி அதில் இருக்கிறது.

இங்கே எழுதியிருப்பது வேலை நாய்களுக்கு: கோடவுன், பண்ணை வீடு, பெரிய காம்பவுண்டு இவற்றில் இரவுக் காவலுக்கு விடும் ராஜபாளையம், கோம்பை, ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன்; பயிற்சியாளரோடு ஷிஃப்டுக்குப் போகும் லேப்ரடார், மாலினாய். ஏற்பாடு இப்படி: பகல் ஓய்வுக்கு வெளியே கென்னல் (நாய்க் கொட்டில்), இரவில் காம்பவுண்டுக்குள் அவிழ்த்து விடுவது, வருடத்தில் சில நாட்கள் வீட்டுக்குள். இரவிலும் கென்னலில் பூட்டி வைத்த நாய் குரைக்கும், அவ்வளவுதான். அது கம்பிக்குப் பின்னால் இருக்கிறது என்பது சுவரேறி வந்தவனுக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

திறப்பு எந்தப் பக்கம்

கோடையில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கிறது. காற்றுக்கும் மழைக்கும் ஏறக்குறைய ஒரே வாசல். கிழக்கை முழுக்கத் திறந்துவிட்டால் நவம்பரில் படுக்கை நனையும். முழுக்க அடைத்தால் மே மாதம் உள்ளே காற்றே இருக்காது. வெளிநாட்டுக் கென்னல் வரைபடங்கள் இந்தச் சிக்கலைத் தொடுவதே இல்லை. அவை குளிருக்காக வரைந்தவை: சின்ன வாசல், இறுக்கமான பெட்டி, உள்ளே வைக்கோல். அதை அப்படியே ஆவடியில் கட்டினால் கிடைப்பது அடுப்பு.

வெயில் கணக்கும் இங்கே வேறு. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாக்கிலும் ஆகஸ்ட் நடுவாக்கிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். "வடக்குப் பக்கம் எப்போதும் நிழல்" என்ற விதி இந்த ஊரில், அதுவும் சரியாகக் கத்திரி நேரத்தில், செல்லாது. எந்த மாதமானாலும் மோசமான பக்கம் மேற்கு.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து வந்த அமைப்பு: மொத்தம் 16 அடிக்கு 6 அடி, நீளம் கிழக்கு மேற்காக. மேற்குக் கோடியில் 4 அடிக்கு 6 அடி படுக்கை அறை, செங்கல் சுவரோடு. மீதி 12 அடிக்கு 6 அடி வலைப்பகுதி. சாயங்கால வெயிலை அறை தன் மேல் வாங்கிக்கொண்டு வலைப்பகுதிக்கு நிழல் தரும். தெற்குப் பக்கம் முழுக்க வலை. வடக்கே 3 அடிச் சுவர், அதற்கு மேல் வலை. கிழக்கே வலையும் கதவும், மேலே கூரையை 3 அடி நீட்டிவிட வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் சுருட்டி ஏற்றும் தார்ப்பாய். மழைக்கு இறக்கி, விட்டதும் ஏற்றிவிட வேண்டும். அக்டோபரில் இறக்கியதைப் பொங்கல் வரைக்கும் அப்படியே விடுகிற வீடுகள் உண்டு. உள்ளே புழுக்கம் ஏறி நாய்க்கு இடுப்பிலும் தொடை இடுக்கிலும் ஈரப்புண் வருவது அந்த வீடுகளில்தான்.

காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக் கட்டினால் ஒரு பக்கச் சுவர் மிச்சம் என்று மேஸ்திரி சொல்வார். வேண்டாம். 2 அடி இடைவெளி விடவும். இடைவெளி இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை உண்ணிக்கும் பெருச்சாளிக்கும் எழுதிக் கொடுத்ததாகிவிடும். கென்னல் கூரை மேல் ஏறிக் காம்பவுண்டைத் தாண்டுவதும் மாலினாய்க்குப் பெரிய வேலை இல்லை.

தளம்

வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் மாதிரித் தாழ்வான இடங்களில் தெரு மட்டத்துக்கு மேல் குறைந்தது 2 அடி பேஸ்மட்டம். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தால் உங்கள் தெருவுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கத்து மணல் பூமியில் முக்கால் அடி போதும். கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கிய பிறகுதான் கான்கிரீட்.

16க்கு 6 அடி, 4 இன்ச் கனம் என்றால் 32 கன அடி. 1:2:4 கலவையில் சிமெண்ட் 6 மூட்டை, எம்-சாண்ட் 14 கன அடி, முக்கால் இன்ச் ஜல்லி 28 கன அடி. மணல் லாரியில் யூனிட் கணக்கில்தான், அதாவது 100 கன அடியாகத்தான் வரும். அதனால் பக்கத்தில் வேலை நடக்கும் இடத்தில் கேட்டு வாங்குவது, அல்லது மூட்டையாக வாங்குவது புத்திசாலித்தனம்.

வாட்டம் வடக்கிலிருந்து தெற்கே, 6 அடிக்கு ஒன்றரை இன்ச். கண்ணளவில் "போதும் சார்" என்பதை ஏற்க வேண்டாம். ரசமட்டம் வைத்து, பலகையின் தாழ்ந்த முனையில் ஒன்றரை இன்ச் கட்டை கொடுத்துப் பார்க்கவும். வாட்டம் குறைந்தால் மூத்திரம் தேங்கும், அம்மோனியா நெடி ஏறும், மூக்கை வைத்து வேலை செய்யும் நாய் அதே நெடியில் நாள் முழுக்கப் படுத்திருக்கும்.

மேற்பரப்பு வழவழப்பாக இருக்கக் கூடாது. சிமெண்ட் பால் தேய்த்து ரெட் ஆக்சைடு போட்டு மினுக்குவது கொத்தனாருக்குக் கைப்பழக்கம். நனைந்த மினுக்குத் தரையில் ஓடித் திரும்பும் பெரிய நாய்க்கு இடுப்பும் முழங்காலும் போகும். கலவை இறுகும் முன் தென்னந்துடைப்பத்தால் வடக்கு தெற்காக இழுத்துக் கோடு போடச் சொல்லவும். கோடு வாட்டத்தின் திசையில் இருந்தால்தான் தண்ணீர் வடியும். குறுக்கே போட்டால் ஒவ்வொரு கோடும் ஒரு குட்டிக் குட்டை. கடப்பா கல் பதிப்பது அழகு. கறுப்புக் கல் வெயிலை வாங்கி உள்ளங்காலைச் சுடும், கல் இணைப்புகளில் உண்ணி குடியேறும். பத்து நாள் தண்ணீர் கட்டி, பிறகு இரண்டு மூன்று முறை நன்றாகக் கழுவிவிட்ட பின்தான் நாயை விட வேண்டும். புது சிமெண்டின் காரம் பாதத்தை அரிக்கும்.

வாய்க்கால் வலைக்கு வெளியே, தெற்கு ஓரமாக, 4 இன்ச் அகலத்தில். 16 அடி நீளத்துக்கு இரண்டரை இன்ச் இறக்கம். முடிவில் ஒரு பக்கெட் நிற்கும் அளவுக்குச் சின்னத் தொட்டியும், முடி தடுக்க ஒரு ஜாலிக் கூடையும். கூடை இல்லாவிட்டால் ஷெப்பர்டு முடி மூன்று மாதத்தில் பைப்பை அடைத்துவிடும். அங்கிருந்து பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள இடத்தில் கல்லி டிராப் (நாற்றம் திரும்பி வராமல் தடுக்கும் நீர்ப்பூட்டு) வழியாக அதில் சேர்க்கலாம். இணைப்பு இல்லாத புறநகரில் உறிஞ்சுகுழி. மழைநீர் வடிகாலில் விடக் கூடாது. நவம்பரில் நிலத்தடி நீர் ஏறியதும் உறிஞ்சுகுழி தண்ணீரை எதிர்த்துத் தள்ளும்; தொட்டியிலிருந்து பக்கெட்டில் அள்ளிக் கழிப்பறையில் கொட்டுவது அப்போதுதான் கைகொடுக்கும். மலத்தை எப்போதும் அள்ளி எடுத்த பிறகே தண்ணீர் விட வேண்டும்.

சுவர், தூண், வலை

அறைச் சுவர் நாலரை இன்ச் கட்டு, 5 அடி உயரம். அதற்கு மேல் கூரை வரை வலை. சூடு வெளியேற வழி அதுதான். வடக்கு 3 அடிச் சுவரும் கிழக்கு ஓர அரை அடிக் கரையும் சேர்த்துச் சுமார் 560 செங்கல் ஆகும், உடைசலுக்கும் சேர்த்து 600 சொல்லவும். பேஸ்மட்டத்துச் செங்கல் இதில் இல்லை. கட்டுக்கும் பூச்சுக்கும் 4, 5 மூட்டை சிமெண்ட்.

அறையிலிருந்து வலைப்பகுதிக்கு நாய் வாசல் 18 இன்ச் அகலம், 28 இன்ச் உயரம். வாசற்படி தரையிலிருந்து 5 இன்ச் தூக்கி இருந்தால் கழுவும் தண்ணீர் படுக்கைக்குள் வராது. மேலே இழுக்கும் தகடுக் கதவு ஒன்றைப் பொருத்தி, அதன் கயிற்றை வெளியிலிருந்து இழுக்கும்படி வைத்தால், நாயை ஒரு பக்கம் அடைத்துவிட்டு மறு பக்கத்தைக் கழுவலாம். முக்கியமாக, அறைக்கு ஆள் நுழையும் கதவு ஒன்று, 2 அடிக்கு நாலரை அடி, வடக்குச் சுவரில் வேண்டும். இதை மறந்து கட்டியவர்கள் நாய் வாசலில் தவழ்ந்து போய்க் கூட்டுவார்கள், முதல் மாதம் மட்டும்.

மேற்குச் சுவர் சாயங்காலம் வாங்கிய சூட்டை இரவு 8, 9 மணி வரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். வெளியே ஓரடி தள்ளி ஒரு சட்டம் அடித்துப் பச்சை நிழல்வலை கட்டினால் போதும். கொடி ஏற்றுவதாக இருந்தால் சுவரில் படர விட வேண்டாம், சட்டத்தில் மட்டும்.

தூண்கள் 8. 2 இன்ச் சதுர ஜிஐ டியூப் (ஜிங்க் பூசிய இரும்புக் குழாய்). குழி ஒன்றரை அடி சதுரம், 2 அடி ஆழம். எட்டுக் குழிக்கும் சேர்த்து 36 கன அடி கான்கிரீட், ஆறரை மூட்டை சிமெண்ட். "தளத்தைவிடக் குழிக்கு அதிகம் சாப்பிடுதே" என்று மேஸ்திரி முகம் சுளிப்பார். 2016 டிசம்பர் 12ல் வர்தா புயல் எத்தனை ஷெட்டைத் தூணோடு பிடுங்கிப் போட்டது என்று அவருக்கே ஞாபகம் இருக்கும். தூணடியில் கான்கிரீட்டை 3 இன்ச் உயர்த்தி, வெளிப்பக்கம் சரித்துக் காலர் போடவும். ஆண் நாய் ஒவ்வொரு தூணிலும் காலைத் தூக்கும். தூணும் தரையும் சேரும் இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். வெல்டிங் வைத்த இடத்தில் ஜிங்க் பூச்சு எரிந்துபோயிருக்கும். அங்கே ஜிங்க் பெயிண்ட் இரண்டு கோட். நீலாங்கரை, பாலவாக்கம் போன்ற கடலோரத்தில் வருடா வருடம் இதைச் சரிபார்க்க வேண்டும்.

வலை என்றால் வெல்ட் மெஷ், 2 இன்ச் கட்டம், 8 கேஜ் அல்லது 10 கேஜ். செயின் லிங்க் மலிவு, ஆனால் ஒரு கண்ணி அறுந்தால் பின்னல் பிரிந்துகொண்டே போகும், கடிக்கும் நாயின் கோரைப்பல்லும் அதில் மாட்டும். 4 அடி அகல ரோலில் தெற்குக்கு இரண்டு அடுக்காக 24 அடி, கிழக்குக்கு 12, வடக்குக்கு 12, அறை மேல் திறப்புகளுக்கு இன்னும் 12. மொத்தம் 60 அடி. 50 அடி ரோல் ஒன்றை வாங்கி வந்துவிட்டுப் பத்தடிக்காக மறுபடி பாரிமுனை போகிற வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். வெட்டிய கம்பி முனைகள் எல்லாம் சட்டத்துக்கு வெளிப்பக்கம் வர வேண்டும். தெற்கில் சட்டத்தின் அடி தரையிலிருந்து ஒன்றரை இன்ச் மேலே, தண்ணீர் போக.

கதவு உள்பக்கமாகத் திறக்க வேண்டும். வெளிப்பக்கம் திறக்கும் கதவை நாய் தன் எடையாலேயே திறந்துகொண்டு உங்களைத் தள்ளிவிட்டுப் போகும். கொண்டி இரண்டு: ஒன்று இடுப்பு உயரத்தில், ஒன்று தரையிலிருந்து ஓரடியில். மேலே மட்டும் கொண்டி இருந்தால் கீழ் மூலையை மூக்கால் நெம்பி வளைத்துவிடும்.

கூரை

செலவைக் குறைக்க வேண்டுமானால் வேறு எதில் வேண்டுமானாலும் குறைக்கலாம். ஒற்றைத் தகர ஷீட்டுக்கு அடியில் மே மாதம் பகல் 2 மணிக்குத் தலையை நீட்டிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆஸ்பெஸ்டாஸ் அதைவிடக் கொஞ்சம் தேவலை என்று பேச்சு. சூடு கொஞ்சம் தாமதமாக இறங்கும், உடைந்தால் தூசி நுரையீரலுக்குக் கேடு. தென்னங்கீற்று உண்மையிலேயே குளுமை. ஆனால் ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும், தீபாவளி ராக்கெட் ஒன்று போதும் எரிய, எலியும் உண்ணியும் அதில் நிரந்தரக் குடித்தனம்.

சரியாக வருவது இரட்டைக் கூரை. மேலே அரை மி.மீ. கலர் கோட்டட் ஷீட், வெள்ளை அல்லது ஆஃப்-ஒயிட். பச்சையும் நீலமும் கடையில் எப்போதும் ஸ்டாக் இருக்கும் என்பதற்காக வாங்க வேண்டாம். அதற்கு 8 இன்ச் கீழே 6 மி.மீ. சிமெண்ட் ஃபைபர் போர்டு; 8க்கு 4 அடிப் பலகை மூன்று சரியாக 96 சதுர அடிக்கு வந்துவிடும். மேல் ஷீட் சுட்டாலும் நடுவில் ஓடும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும், நாயின் முதுகுக்கு மேல் இருப்பது நிழலில் கிடக்கும் பலகை. மழைச் சத்தமும் பாதி குறையும். இடைவெளியின் ஓரங்களை அடைத்துவிட்டால் காற்று நிற்கும், பயனே போய்விடும். திறந்து விட்டால் எலியும் அணிலும் கூடு கட்டும். அரை இன்ச் கண் வலையால் சுற்றிலும் மூடவும்.

சரிவு தெற்கிலிருந்து வடக்கே: தெற்கு விளிம்பு 8 அடி, வடக்கு ஆறரை அடி. தாழ்ந்த வடக்கு விளிம்பு மே, ஜூன் உச்சி வெயிலை மறைக்கும். டிசம்பரில் தெற்கே சாய்ந்த சூரியன் உயர்ந்த பக்கமாக உள்ளே வந்து மழை ஈரத்தைக் காய வைக்கும். தெற்கில் 2 அடி, கிழக்கில் 3, மற்ற இரண்டு பக்கமும் ஒன்றரை அடி நீட்டினால் 10 அடி ஷீட் ஏழு ஆகும். ஓரங்களில் ஒவ்வொரு மேட்டுக்கும் ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூ. நீட்டிய 3 அடிக்கு அடியில் காற்று புகுந்து தூக்கும், அங்கே கஞ்சத்தனம் கூடாது.

சோதிப்பது எளிது. உச்சபட்ச, குறைந்தபட்ச அளவைப் பதிந்து வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை அறைக்குள் தரையிலிருந்து ஓரடி உயரத்திலும், இன்னொன்றை மரநிழலிலும் வைக்கவும். பகல் 3 மணிக்கு இரண்டுக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கூரையிலோ மேற்குச் சுவரிலோ வேலை பாக்கி.

உள்ளே என்ன

கட்டில் 4 அடிக்கு இரண்டரை அடி, 8 இன்ச் உயரம், 1 இன்ச் ஜிஐ பைப் சட்டம், மேலே லாரி தார்ப்பாய்த் துணியை இழுத்து நட்டுப் போட்டு. வெறும் கான்கிரீட்டில் படுக்கும் கனத்த நாய்க்கு முழங்கை காய்த்துப்போய், பிறகு நீர் கோக்கும். கயிற்றுக் கட்டில் காற்றோட்டத்துக்கு அருமை, ஆனால் ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் உண்ணி. கோணி போட்டால் வாரம் ஒருமுறை கொதிநீரில்.

30 கிலோ நாய் சாதாரணமாக நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கும். கத்திரியில் வேலையும் இருந்தால் அது இரண்டு மடங்கு ஆகும். 10 லிட்டர் ஸ்டீல் பக்கெட்டை ஓரடி உயரத்தில் கொக்கியில் மாட்டவும். மண் தொட்டியும் நல்லது, பாசி பிடிப்பதால் தினமும் தேய்க்க வேண்டும். மாடித் தொட்டித் தண்ணீரைப் பகல் 12 மணிக்குப் பிடித்து வைக்கக் கூடாது. குளிக்கவே கை வைக்க முடியாத சூட்டில் வரும். காலை 6 மணிக்குப் பிடித்து நிழலில் வைத்ததுதான் மத்தியானத்துக்கு.

சுவர் ஃபேன் ஒன்று 6 அடிக்கு மேலே, வயர் முழுக்க ஜிஐ கண்ட்யூட்டுக்குள், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக. ஈரத் தளம், இரும்பு வலை, மின்சாரம் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறது என்பதை எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு முறை சொல்லவும். ஏர்கூலரும் பனித்தூவலும் மேற்குக் காற்று வறண்டு வீசும் முற்பகலில் உதவும். கடற்காற்று நுழைந்த பிறகு அவற்றை நிறுத்திவிட வேண்டும். நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்து, நாக்கின் ஈரம் ஆவியாகித்தான் உடம்பு ஆறும். ஏற்கெனவே புழுக்கமான காற்றில் இன்னும் ஈரத்தை ஏற்றினால் அந்த ஒரே வழியும் அடைபடும். வயிற்றையும் பாதத்தையும் நனைத்துவிட்டு ஃபேன் போடுவது எந்த நேரத்திலும் சரி.

உண்ணி

"நாயை வெளியே வெச்சா வீட்டுக்கு உண்ணி வராது" என்பது பாதிப் பொய். நம் ஊர் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே முட்டையிலிருந்து முட்டை வரை முழு வாழ்க்கையையும் ஓட்டக்கூடியது. வாழ்நாளின் பெரும்பகுதியை நாய் மேல் கழிப்பதில்லை. சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் சந்திலும் கழிக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். டிக் ஃபீவர் என்று எல்லோரும் சொல்லும் எர்லிக்கியாவும், சிறுநீர் காப்பிக் கலரில் போகும் பபீசியாவும் இதன் உபயம்.

அதனால் கட்டும்போதே: உள்சுவர் முழுக்கப் பூச்சு, சுவரும் தரையும் சேரும் மூலையில் வட்டப் பூச்சு, கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் சிமெண்ட் அடைப்பு, எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளை அடிப்பது. உண்ணி மேல்நோக்கி ஏறும் பழக்கம் உள்ளது. வெள்ளைச் சுவரின் மேல் மூலைகளில் டார்ச் அடித்தால் தெரியும். சிமெண்ட் மற்றும் இரும்புப் பாகங்களில், நாயை வெளியேற்றிவிட்டு, தார்ப்பாயையும் நிழல்வலையையும் கழற்றிவிட்டு, புளோ லாம்ப் (தீச்சுடர் பீய்ச்சும் விளக்கு) ஓட்டுவது பழைய முறை, இன்றும் அதற்கு ஈடில்லை. மருந்து தெளிப்பதானால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று தடவை. முதல் தெளிப்பில் தப்பிய முட்டைகள் பொரித்து வரும். டெல்டாமெத்ரின் வகை பூனைக்கும் மீன்தொட்டிக்கும் விஷம். நாய்க்கு அஃபாக்ஸோலனர் மாதம் ஒரு மாத்திரை, ஃப்ளூராலனர் 12 வாரத்துக்கு ஒன்று. வலிப்பு வந்த வரலாறு இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லவும்.

தினசரிக் கழுவலுக்குச் சோப்புத் தண்ணீரே போதும். வாரம் ஒருமுறை 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பிளீச்சிங் பவுடர், அழுக்கைக் கழுவிய பிறகு, 10 நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசவும். அழுக்கு மேல் ஊற்றினால் பவுடரின் வீரியம் அழுக்கோடு போய்விடும். ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது.

வீட்டுக்குள் வைப்பதென்றால்

காவல் குணம் கெடுமா? வீட்டுக்குள் படுப்பதால் கெடாது. ஆளுக்கொரு கை பிஸ்கட் போடுவதாலும், வருகிறவர்கள் எல்லாம் தடவிக் கொடுப்பதாலும் கெடும். மதில் மேல் வீசும் விஷம் கலந்த கறித்துண்டு வீட்டுக்குள் இருக்கும் நாய்க்கு எட்டாது. மனிதர் முகமே பார்க்காமல் கென்னலில் கிடக்கும் நாய் வலை ஓரமாகவே ஓடித் தேய்வதையும், தன் வாலைத் துரத்திச் சுற்றுவதையும் பார்க்கலாம். அந்த நாய் வேலைக்கு ஆகாது.

கெடுப்பது ஏசி. 22 டிகிரியில் தூங்கி எழுந்த நாயைக் காலை 10 மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சோதனைக்கு இறக்கினால் அதன் உடம்பு அந்த வெயிலுக்குத் தயாராக இருக்காது. வெயிலுக்குப் பழக 10 முதல் 20 நாள், முழுதாகப் பழக இரண்டு மாதம் வரை ஆகும். பகல் வேலை நாய்க்கு ஃபேன் காற்றே சரி. ஏசி போட்டே தீர வேண்டும் என்றால் 27ல், இரவில் மட்டும், வேலைக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிட்டு. விட்ரிஃபைடு டைல்ஸ் மேல் 6க்கு 4 அடி ரப்பர் மேட். தனி இடமாக 48 இன்ச் கிரேட் (நாய்க் கூண்டு), லேப்ரடாருக்கு 42 போதும். மொட்டை மாடி எந்த விதத்திலும் கணக்கில் சேராது. காங்கிரீட் தளம் இரவு 10 மணிக்கும் சுட்டுக்கொண்டிருக்கும்.

உள்ளேயோ வெளியேயோ, மே 4 வாக்கில் கத்திரி தொடங்கியதும் பயிற்சி காலை 7 மணிக்குள், மாலை 6க்கு மேல். தார் ரோட்டில் புறங்கையை 7 விநாடி வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்கக் கூடாது. நாயின் உடல் வெப்பம் இயல்பில் 38.3 முதல் 39.2 டிகிரி. இரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவும். 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. அந்த இடத்திலேயே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி ஃபேன் போட வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி விடக் கூடாது, அது சூட்டை உள்ளேயே பூட்டும். 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி, காரில் ஏசி போட்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து டாக்டரிடமோ. முதலில் ஆற்றுவது, பிறகு கொண்டுபோவது. இந்த வரிசையை மாற்றி வழியிலேயே இழந்தவர்கள் நிறைய.

மழைக்கு முன்

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் ஒதுக்கவும். கூரை ஸ்க்ரூ எல்லாம் ஒரு சுற்று முறுக்கி, வெடித்த வாஷர்களை மாற்றுவது. வாய்க்காலையும் ஜாலிக் கூடையையும் கழற்றிச் சுத்தம் செய்வது. தார்ப்பாய் கயிறு மாற்றுவது. பேஸ்மட்டத்தைச் சுற்றி எலிவளை தெரிகிறதா என்று பார்த்து, கண்ணாடித் துண்டு கலந்த சிமெண்டால் அடைப்பது; எலி மூத்திரம் கலந்த தேங்குநீர்தான் லெப்டோ (எலிக்காய்ச்சல்) வரும் வழி, அதற்கான தடுப்பூசியும் வருடம் ஒருமுறை பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று கையில் இருந்தால் மாநகராட்சி உரிமத்தையும் அதே வாரத்தில் புதுப்பித்துவிடலாம். வண்டலூர், தாம்பரம் பக்கம் ஏரிக்கரை ஓரத்தில் இருப்பவர்கள் கட்டிலை ஒவ்வொரு மாலையும் தூக்கிப் பார்த்துவிட்டு நாயை விடவும். மழையில் வெளியேறும் கண்ணாடி விரியனுக்கும் காய்ந்த இடம்தான் வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்த அன்று காற்று ஏறும்வரை காத்திருக்காமல் நாயை வீட்டுக்குள் கொண்டுவந்து, கென்னல் கதவு இரண்டையும் திறந்த நிலையில் கட்டிவிடவும், தார்ப்பாயைக் கழற்றி மடித்து வைக்கவும். இறக்கிய தார்ப்பாய் பாய்மரம் மாதிரி. 36 கன அடி கான்கிரீட்டையும் அசைத்துப் பார்க்கும். தீபாவளிக்கு முந்தின சாயங்காலமே உள்ளே வந்துவிட வேண்டும். அதற்கு, வருடம் முழுக்க வாரம் இரண்டு இரவாவது கிரேட்டில் படுத்துப் பழகியிருக்க வேண்டும். முதல் முறையாகக் கிரேட்டைப் பார்ப்பது பத்தாயிரம் வாலா வெடிக்கிற ராத்திரியாக இருந்தால் கிரேட்டும் மிஞ்சாது, பல்லும் மிஞ்சாது.